முப்பத்தாறாவது ஆள்: ஜுன்கோ தபேய் ஏறிய மலைகள்

மலையேறுகிறவர்களின் கதைகளைப் படிக்கும்போது ஒரு சொல் எனக்கு எப்போதும் இடறும். ‘முகாம்’ என்ற சொல். அடிவார முகாம், முதலாம் முகாம், இரண்டாம் முகாம் என்று அவர்கள் சாதாரணமாக எழுதிக்கொண்டு போவார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லோடு வருவது வேறு காட்சி. தறப்பாள், தண்ணீர் வரிசை, பதிவு அட்டை, முட்கம்பி. அவர்களுடைய முகாம் தாங்களே விரும்பிப் போய் அடிக்கிற கூடாரம். விரும்பினால் இறங்கி வீட்டுக்குப் போகலாம். வீடும் அங்கேயே இருக்கும்.

ஆனாலும் ஒரு மலையேறியின் வாழ்க்கையை இங்கே எழுத நினைத்ததற்குக் காரணம் உண்டு. அவர் தன் கடைசி வருடங்களில், வீட்டை இழந்து முகாம்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் வளர்ந்த பிள்ளைகளோடுதான் மலையேறினார். அவர் பெயர் ஜுன்கோ தபேய். எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்த முதல் பெண். பொது அறிவுப் புத்தகங்களில் இந்த ஒரு வரியோடு அவரை முடித்துவிடுவார்கள். அந்த வரி அவருக்கே பிடித்ததில்லை.

1939 செப்டெம்பர் 22ஆம் திகதி, ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தில் மிஹாரு என்ற சிறு ஊரில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் ஒருவர். தகப்பன் அச்சகம் வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜுன்கோவுக்கு ஆறு வயது நிறையவில்லை. தோற்றுப்போன, பசித்த நாட்டில்தான் அவருடைய பள்ளிக்காலம் கழிந்தது. நோஞ்சான் பிள்ளை என்று பெயர் எடுத்தவர். விளையாட்டில் எதிலும் முன்னுக்கு வந்ததில்லை.

பத்து வயதில் ஆசிரியர் ஒருவர் வகுப்புப் பிள்ளைகளை நாசு மலைக்குக் கூட்டிப்போனார். அது உயிருள்ள எரிமலை. புல் முளைக்காத பாறை, கந்தக மணம், கோடை காலத்திலும் உச்சியில் குளிர். ஊரில் பார்த்த பச்சை மலைகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அன்று தான் விளங்கிக்கொண்ட ஒரு விடயத்தைப் பிற்காலத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஓட்டப்போட்டியில் பிந்தினால் தோல்வி. மலையில் அப்படியில்லை, மெதுவாக நடந்தாலும் போய்ச் சேர்ந்துவிடலாம், ஆனால் நடுவழியில் உனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப முடியாது. அவருடைய உயரம் கடைசிவரை ஐந்தடியைத் தாண்டவில்லை.

வீட்டில் மலையேற்றத்துக்குச் செலவழிக்கப் பணம் இல்லை. டோக்கியோவில் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து முடித்த பிறகுதான் மலையேற்றக் கழகங்களில் சேர்ந்தார். அவை ஆண்களின் கழகங்கள். சிலர் அவரோடு கயிறு கட்டி ஏற மறுத்தார்கள். மாப்பிள்ளை தேடி வந்திருக்கிறாள் என்றும் சிலர் கதைத்தார்கள். பௌதிகச் சஞ்சிகை ஒன்றில் ஆசிரியப் பணி செய்து சம்பாதித்ததை மலைக்குச் செலவழித்தார். மலையிலேயே அறிமுகமான மசனோபு தபேயைத் திருமணம் செய்தார். அவர் பல்கலைக்கழகம் போகாதவர் என்று ஜுன்கோவின் தாய்க்கு மனக்குறை. ஜுன்கோ கேட்கவில்லை. அந்தக் கணவர்தான் பின்னாளில் மனைவி மாதக்கணக்கில் இமயமலையில் இருந்தபோது வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டார். 1970களின் ஜப்பானில் அது ஊர்வாய்க்கு நல்ல தீனி.

1969இல் அவரும் தோழிகளும் சேர்ந்து பெண்களுக்கென்று தனி மலையேற்றக் கழகம் தொடங்கினார்கள். வெளிநாட்டு மலைக்குப் பெண்கள் தாங்களாகவே போகவேண்டும் என்பதுதான் நோக்கம். அடுத்த வருடமே நேபாளத்தின் மூன்றாவது அன்னபூர்ணா சிகரத்துக்குப் போனார்கள். 7,555 மீற்றர். மே 19ஆம் திகதி ஜுன்கோவும் இன்னொரு பெண்ணும் இரண்டு ஷெர்பாக்களோடு உச்சியை அடைந்தார்கள். கடுங்குளிரில் கமெராவுக்குள் இருந்த படச்சுருள் வெடித்துப்போனது.

அந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது உச்சி அல்ல. தங்களுக்குள் வந்த பிணக்குகளைப் பற்றி ஜுன்கோ பிறகு ஒளிக்காமல் எழுதினார். வாய் திறவாமல் தாங்கிக்கொள்வதுதான் பெண்ணுக்கு அழகு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். தலையிடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, இந்த முடிச்சு எனக்குப் போடத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டார்கள். 6,000 மீற்றருக்கு மேலே அந்த மௌனம் ஆளைக் கொன்றுவிடும். உயர நோய் என்பது முதலில் தலையிடியும் சத்தியுமாகத் தொடங்கி, நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து, சில மணி நேரத்தில் முடித்துவிடக்கூடியது. மருந்து ஒன்றுதான்: நேரத்தோடு சொல்லிவிட்டுக் கீழே இறங்குவது. ஆகவே அந்தப் பெண்கள் ‘எனக்கு ஏலாது, உதவி செய்’ என்று சொல்லப் பழகவேண்டியிருந்தது. எத்தனையோ வருடங்களாக எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடி வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிற பெண்களை எங்கள் ஊர்களிலும் தெரியும் என்பதால், இந்த இடத்தில் நான் கொஞ்சநேரம் நின்றுவிட்டேன்.

அடுத்தது எவரெஸ்ட். 1971இல் அனுமதி கேட்டார்கள். அக்காலத்தில் ஒரு பருவத்துக்கு மிகச் சில குழுக்களுக்கே நேபாளம் அனுமதி கொடுத்தது. முறை வந்தது 1975இல். இடையில் ஜுன்கோவுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

எய்கோ ஹிசானோ தலைவி, ஜுன்கோ துணைத் தலைவி, எல்லாமாகப் பதினைந்து பெண்கள். ஆசிரியை இருந்தார், கணினி வேலை செய்தவர் இருந்தார். பணத்துக்குக் கொம்பனி கொம்பனியாக ஏறி இறங்கினார்கள். வீட்டில் இருந்து பிள்ளையை வளர்ப்பதுதானே என்றுதான் பல இடங்களில் பதில் கிடைத்தது. கடைசி நேரத்தில் யோமியூரி பத்திரிகையும் நிப்பொன் தொலைக்காட்சியும் உதவின. அப்படியிருந்தும் ஒவ்வொருவரும் ஜப்பானில் ஒருவரின் ஒரு வருடச் சம்பளத்துக்குச் சமமான தொகையைப் போடவேண்டியிருந்தது. ஜுன்கோ பியானோ வகுப்பு எடுத்தார். கார் இருக்கை உறைகளை வெட்டி நனையாத கையுறை தைத்தார்கள். சீனாவிலிருந்து வாத்து இறகு வாங்கி உறங்குபைகளை நிரப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டில் மிஞ்சிய ஜாம் பக்கெற்றுகளைச் சேர்த்துத் தங்கள் ஆசிரியைகளிடம் கொடுத்தார்கள். இல்லாததை வைத்து உள்ளதைச் செய்வது எங்களுக்குச் சொல்லித்தரவேண்டிய வித்தை அல்ல; பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள்.

எவரெஸ்ட்டை ஒரே மூச்சில் ஏற முடியாது. உச்சியில் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றிலொரு பங்குதான். கடற்கரையில் நிற்கும் ஒருவரைத் தூக்கி நேரே அங்கே கொண்டுபோய் வைத்தால் சில நிமிடங்களில் மயங்கிவிடுவார். அதனால்தான் படிப்படியாக முகாம்கள். ஒரு முகாமுக்கு ஏறிச் சாமான் வைத்துவிட்டுக் கீழே வந்து படுப்பார்கள். மறுபடி ஏறுவார்கள். இப்படி வாரக்கணக்கில் ஏறி இறங்கும்போது இரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடி உடம்பு பழகும். 8,000 மீற்றருக்கு மேலே எந்தப் பழக்கமும் உதவாது. அங்கே உடம்பு ஒவ்வொரு மணித்தியாலமும் தேய்ந்துகொண்டேயிருக்கும். இத்தனை தடவை ஏறி இறங்கும் சாமான்களில் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் ஷெர்பாக்கள். எவரெஸ்ட் கதைகளில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் எப்போதும் சின்னதுதான்.

மே 4ஆம் திகதி, நள்ளிரவு தாண்டிய நேரம். 6,300 மீற்றர் உயரத்தில் இரண்டாம் முகாமில் பெண்கள் கூடாரத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். பனிச்சரிவு வந்து முகாமை மூடியது.

பனிச்சரிவை மழைபோலப் பஞ்சுப்பனி கொட்டுவது என்று நினைத்துவிடக்கூடாது. ஓடிவரும்போது தூளாக இருக்கும் பனி, நின்ற கணத்தில் சீமெந்துபோல இறுகிவிடும். உள்ளே இருப்பவரால் கையை அசைக்க முடியாது. மூச்சுக்கு இடைவெளி இராது. ஜுன்கோவும் அவரோடு ஒரே கூடாரத்தில் இருந்த நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவராக நசுங்கிப் புதைந்தார்கள். மகள் விளையாடிக்கொண்டிருக்கும் காட்சி கண்முன் வந்ததாக அவர் பின்னர் சொன்னார். பிறகு நினைவு தப்பிவிட்டது. ஏறக்குறைய ஆறு நிமிடங்கள். ஷெர்பாக்கள் தோண்டி, காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள்.

மண் சரிந்து மூடிய பங்கரிலிருந்து கையாலும் அலவாங்காலும் ஆட்களைத் தோண்டி எடுத்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு ஆறு நிமிடம் எவ்வளவு நீளம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அன்று ஒருவரும் சாகவில்லை. ஜுன்கோவின் இடுப்பிலும் காலிலும் பலத்த அடி. இரண்டு நாள் நடக்க முடியவில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தவுடனேயே, தொடர்ந்து ஏறுவது என்று தான் முடிவெடுத்துவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். துணிச்சல் என்று இதைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு முழுக்க அப்படித் தோன்றவில்லை. வீட்டில் இரண்டரை வயதுப் பிள்ளை இருந்தது. ஒருவர் செத்திருந்தால் அவர் இறங்கியிருப்பாரா, இறங்கியிருக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியை எவரெஸ்ட்டில் செத்துப்போன எத்தனையோ தகப்பன்மாரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை என்பதும் உண்மை.

இரண்டு பெண்களை உச்சிக்கு அனுப்புவதுதான் திட்டம். ஷெர்பாக்களில் பலர் உயர நோயில் விழுந்ததால், இரண்டு பேருக்குப் போதிய ஒட்சிசன் உருளைகளை மேல் முகாமுக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஒருவர்தான் போகலாம். பலத்த விவாதத்துக்குப் பிறகு ஹிசானோ ஜுன்கோவைத் தெரிவு செய்தார். பதினைந்து பேரும் ஒரு வருடச் சம்பளத்தைப் போட்டவர்கள். பதினான்கு பேர் கீழே நின்றார்கள். அந்தப் பதினான்கு பேரைப் பற்றி ஒரு கட்டுரை யாராவது எழுதவேண்டும்.

மே 16. ஜுன்கோவும் ஷெர்பா ஆங் செரிங்கும் கடைசி முகாமிலிருந்து புறப்பட்டார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே கத்தி விளிம்புபோல ஒரு பனி வரம்பு. ஒருபக்கம் நேபாளம், மறுபக்கம் சீனா, இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான மீற்றர் பள்ளம். முன்னர் ஏறியவர்கள் எழுதிய அறிக்கைகளையெல்லாம் ஜுன்கோ படித்திருந்தார். ஒன்றிலும் இந்த வரம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவருக்கு அந்த இடத்தில் வந்தது பயத்தைவிடக் கோபமாம். மேலுடம்பு சீனப் பக்கம், கால்கள் நேபாளப் பக்கம் என்று வரம்பில் தொங்கியபடி பக்கவாட்டில் தவழ்ந்து கடந்தார். வாழ்நாளில் அவ்வளவு பதற்றம் வேறு எப்போதும் இருந்ததில்லை என்றார்.

நண்பகல் தாண்டி உச்சியை அடைந்தார்கள். ஒரு ஜப்பானியப் பாயளவுகூட இல்லாத இடம். பெரிய பரவசம் எதையும் அவர் சொல்லவில்லை. இனி ஏறத் தேவையில்லை என்ற ஆறுதல்தான்.

பதினொரு நாள் கழித்து, மே 27ஆம் திகதி, மறுபக்கமான திபெத்திலிருந்து ஏறிய சீனக் குழுவில் பந்தோக் என்ற திபெத்தியப் பெண் உச்சியை அடைந்தார். ஐக்கிய நாடுகள் 1975ஐச் சர்வதேசப் பெண்கள் வருடமாக அறிவித்திருந்ததால் ஜுன்கோவின் பெயர் உலகமெங்கும் போனது. வாழ்த்துத் தந்தி, தொலைக்காட்சி, ஊர்வலம். அவர் கேட்டுக்கொண்டது, தன்னை எவரெஸ்ட்டில் ஏறிய முதல் பெண் என்பதைவிட முப்பத்தாறாவது ஆள் என்று நினைவில் வையுங்கள் என்பதே. அடக்கம் என்று இதை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் அதைக் கணக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். ஏறுகிற வேலை எல்லோருக்கும் ஒன்றுதான். முப்பத்தைந்து பேருக்குத் தனி வரிசை, தனக்குத் தனி வரிசை வேண்டாம் என்கிறார்.

அதன் பிறகு பெரிய கொம்பனிகளின் அனுசரணையை அவர் தவிர்த்தார். பணம் வாங்கினால் அவர்கள் சொல்லும் மலைக்கு அவர்கள் சொல்லும் நேரத்தில் போகவேண்டிவரும். வழிகாட்டியாகவும் பேச்சாளராகவும் உழைத்தும், பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்தும் செலவைச் சமாளித்தார். 1992இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் ஏறி முடித்த முதல் பெண்ணானார். எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளின் உயர்ந்த மலைகளில் ஏறினார்.

அவருடைய பிற்கால வேலைகளில் ஒன்று குப்பை. அறுபது வயதில் கியூஷு பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் படிப்புக்குச் சேர்ந்தார். ஆய்வுப்பொருள், மலையேறிகள் எவரெஸ்ட்டில் விட்டுவரும் கழிவு. எங்கள் வெக்கை நாட்டில் எறிந்த சாப்பாடு இரண்டு நாளில் மண்ணாகும். அங்கே உறைகுளிரில் நுண்ணுயிர் வேலை செய்யாது. மனிதக் கழிவு, தகரம், கூடாரத் துணி, வெற்று ஒட்சிசன் உருளை எல்லாம் பத்துப் பதினைந்து வருடம் போட்டபடியே கிடக்கும். பனி உருகும்போது கீழே கிராமத்துக் குடிநீரில் வந்து சேரும். முப்பத்தாறாவது ஆளாக அவர் ஏறிய மலையில் இப்போது ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கானோர் ஏறுகிறார்கள். மலைக்கு ஓய்வு வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்கியபோது அதைக் கேட்க ஆளில்லை. இமயமலைப் பாதுகாப்புக்கான ஜப்பானிய அமைப்பொன்றுக்குத் தலைமை தாங்கினார். கணவன் பிள்ளைகளோடு போய்க் குப்பையும் பொறுக்கினார்.

2011 மார்ச் 11. நிலநடுக்கம், ஆழிப்பேரலை, பிறகு அணு உலை விபத்து. 2004 டிசம்பரைக் கண்ட எங்களுக்கு முதல் இரண்டையும் விளக்கத் தேவையில்லை. மூன்றாவது வேறுமாதிரி. வீடு நிற்கும், வயல் பச்சையாக இருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்கும், ஆனால் போக முடியாது. கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது. உச்சக்கட்டத்தில் ஃபுகுஷிமா மாகாணத்திலிருந்து ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்திருந்தார்கள். கண்ணிவெடிப் பலகை நட்ட காணிக்கு வெளியே நின்று சொந்த வீட்டின் கூரையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு அந்த நிலை விளங்கும்.

ஜுன்கோவின் சொந்த ஊரான மிஹாரு அணு உலையிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. அந்த ஊர் நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. கதிர்வீச்சு அயடீன் தைராய்ட் சுரப்பியில் சேராமல் தடுக்கும் மாத்திரைகளை, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், மார்ச் 15ஆம் திகதி நாற்பது வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுத்தது. நிறுத்து என்று மாகாணத்திலிருந்து சொன்னபோதும் நிறுத்தவில்லை. உலைக்குக் கிட்டிய ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு இடமும் கொடுத்தது.

ஜுன்கோவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. அடுத்த வருடம் தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் மலைக்குப் போனார். பாதிக்கப்பட்ட பகுதிகளின் உயர்தரப் பள்ளி மாணவர்களைக் கோடைதோறும் ஃபூஜி மலைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். மலையேறிய அனுபவமே இல்லாத பிள்ளைகள். ஃபூஜி 3,776 மீற்றர், ஜப்பானின் ஆக உயர்ந்த மலை. எங்கள் பிதுருதலாகலையைவிட ஆயிரத்து இருநூறு மீற்றர் அதிகம். பாதையைப் பத்து நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாம் நிலைவரை பஸ் போகும். அங்கிருந்து எரிமலைச் சரளையில் நடை. நடுவில் ஒரு கொட்டிலில் கொஞ்சம் உறங்கி, இருட்டோடு எழும்பி, விடியும்போது உச்சியில் நிற்பார்கள்.

இதனால் என்ன வந்தது என்று கேட்கலாம். வீடு திரும்பிக் கிடைக்கவில்லை. நட்டஈடு கூடவில்லை. ஜுன்கோ அப்படி எதையும் சொல்லி அந்தப் பிள்ளைகளை ஏமாற்றவுமில்லை. பத்து வயதில் ஓர் ஆசிரியர் தனக்குச் செய்ததைத்தான் அவர் திருப்பிச் செய்தார். ஒரு அடி, பிறகு இன்னொரு அடி என்று மெதுவாக நடக்கச் சொல்லிக்கொடுத்தார். உளவள ஆலோசனை என்ற பெயரில் எங்கள் பிள்ளைகளிடம் வந்து படம் கீறச் சொல்லி, படிவம் நிரப்பி, புகைப்படம் எடுத்துப்போன எத்தனையோ திட்டங்களை நினைத்துக்கொண்டேன். வடக்கில் மலை இல்லை, கீரிமலையில்கூட ஏற மலை இல்லை. ஆனால் வருடாவருடம் அதே ஆள் திரும்பி வருவது என்பது மலையில்லாத ஊரிலும் நடக்கக்கூடியது.

2016 மே 21ஆம் திகதி ஜெயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். இலங்கையிலிருந்து அங்கே போன முதல் ஆளே ஒரு பெண்தான். அதே வருடம் ஜூலையில் ஜுன்கோ கடைசித் தடவையாக மாணவர்களோடு ஃபூஜிக்குப் போனார். நோய் முற்றியிருந்தது. ஏழாம் நிலைவரை, ஏறத்தாழ 3,000 மீற்றர் வரை ஏறினார். அதற்கு மேல் முடியவில்லை. பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு அவர் நின்றுகொண்டார்.

ஒக்டோபர் 20ஆம் திகதி இறந்தார். வயது எழுபத்தேழு. 2019இல் புளூட்டோவில் ஒரு மலைத்தொடருக்கு அவர் பெயர் வைத்தார்கள். அங்கே டென்சிங், ஹிலரி பெயர்களிலும் மலைகள் இருக்கின்றன. ஃபூஜிக்கு மாணவர்கள் இப்போதும் போகிறார்கள். கூட்டிப்போகிறவர் அவருடைய மகன் ஷின்யா.